ஆத்தாவுக்கு வயிறு கட்டிக்கிச்சு, மாத்திரை இல்லாம வழி உண்டா?

#1 பட்டாலை | ஞாயிறு இரவு 9:40

வணக்கம். கூச்சமான விஷயம்தான், ஆனா கேட்டாகணும்.

எங்க ஆத்தாவுக்கு 74 வயசு. காரைக்குடி பக்கம் பள்ளத்தூர்ல தனியா இருக்காக, நான் சென்னையில. அப்பச்சி, அதான் எங்க அப்பா, தவறி 3 வருஷம் ஆச்சு. எங்களோட வந்துருங்கன்னா, "வீட்டைப் பூட்டிப் போட்டா கரையான்தான் குடியிருக்கும்"னு சொல்லி வரமாட்டேங்குறாக.

ரெண்டு மாசமா வெளிக்குப் போறது பெரும்பாடா இருக்காம். 4 நாளைக்கு ஒரு தடவை, அதுவும் ஆட்டுப்புழுக்கை மாதிரி. முக்கி முக்கித் தலை சுத்துதுன்னு போன வாரம் போன்ல சொல்லியிருக்காக. அதுவும் என்கிட்ட இல்லை, என் வீட்டம்மாகிட்ட.

காலையில 4 இட்லி, இல்லாட்டி இடியாப்பம். மத்தியானம் குழைய வடிச்ச சோறும் ரசமும். ராத்திரி ரெண்டு ரஸ்க், ஒரு டம்ளர் பால். கீழ்வரிசைப் பல் கிடையாது. பிரஷருக்கு ஒரு மாத்திரை, எலும்புக்கு ஒண்ணு, ரத்தம் கம்மின்னு ஒண்ணு. சக்கரை இல்லை. வேலைக்கு வர்ற அம்மா காலையில 2 மணி நேரம் இருப்பாங்க.

டாக்டர், மருந்துன்னு போகாம சாப்பாட்டுலயே சரிபண்ண வழி இருந்தாச் சொல்லுங்க. உங்க வீட்டுப் பெரியவுக என்ன செஞ்சாக?

#2 சந்தைக்கூடை | ஞாயிறு இரவு 10:05

இதுல என்ன தம்பி கூச்சம். காரைக்குடியில பாதி வீட்டுக் காலைப்பேச்சே "போச்சா, போகலையா"தான்.

நீங்க எழுதின சாப்பாட்டுல நான் முதல்ல தேடினது வெஞ்சனத்தை, அதான் தொட்டுக்கிற காயை. காணோம். இட்லி, இடியாப்பம், சோறு, ரஸ்க், பால் எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு. 100 கிராம் வெள்ளைச் சோத்துல நார்ச்சத்து அரை கிராம்கூடத் தேறாது. ஒரு ஆளுக்கு நாளைக்கு 25லேர்ந்து 30 கிராம் வேணும். ஆத்தா சாப்பிடுறதுல அஞ்சாறு கிராம் இருந்தா அதிகம்.

பல் விழுந்ததும் நம்ம ஆச்சிமார் முதல்ல கைவிடுறது காயைத்தான். "மெல்ல முடியலை"ன்னு ரசத்துக்கு வந்துருவாக. அப்பறம் ரசமே சாப்பாடாயிரும். மெல்ல வேண்டாத காய் நம்ம ஊர்ல எவ்வளவோ இருக்கு. கீரையை மண்சட்டியில வேகவச்சு நல்லா மசிச்சுக் கொடுக்கலாம். பரங்கி, சுரை, பீர்க்கு எல்லாம் பாசிப்பருப்போட கூட்டு வச்சா நாக்குலயே கரையும். கத்திரிக்காய் கோசமல்லி இட்லிக்குத் தொட்டுக்கிட்டா காலையிலேயே ஒரு காய் உள்ள போயிரும்.

என் ஓட்டு வெண்டைக்காய் மண்டிக்கு. அரிசி ரெண்டாவது கழுவின தண்ணியில புளியைக் கரைச்சு, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், வேகவச்ச மொச்சை, வதக்கின வெண்டைக்காய். வெண்டையோட வழவழப்பு இருக்கே, அதுவும் ஒரு நார்ச்சத்துதான்; மலத்தை இளக்கி வழுக்கி விடும். மொச்சையை அவுகளுக்கு மட்டும் மசிச்சுப் போடுங்க. ஆனா தோலை உரிச்சுடாதீங்க, சத்தே அங்கதான்.

சாயங்காலம் நல்லாக் கனிஞ்ச பப்பாளி ரெண்டு கீத்து. கொய்யாவுல 100 கிராமுக்கு 5 கிராம் நாருக்குக் குறையாது, ஆனா விதை பல்லில்லாதவுகளுக்குத் தொந்தரவு. பேசாம பப்பாளியே கொடுங்க.

#3 நிலாவரை_நேசன் | திங்கள் காலை 6:12

எதுக்கு இத்தனை சுத்து? நிலாவரைப் பொடி அரை ஸ்பூன், ராத்திரி வெந்நீர்ல. விடிஞ்சா வேலை முடிஞ்சது. எங்க ஐயா 88 வயசு வரைக்கும் இதேதான். ஆறு மாசத்துக்கு ஒருக்க விளக்கெண்ணெய் குடிச்சுப் பேதியும் எடுப்பாக. இங்கிலீஷ் மாத்திரை ஒண்ணு தொட்டதில்லை. இயற்கை வைத்தியத்துக்குப் பக்கவிளைவே கிடையாது.

#4 மருந்துக்கடை | திங்கள் காலை 8:30

தேவகோட்டையில் 31 வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவன். இப்போது மகன் பார்க்கிறான், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேசன் ஐயா, நிலாவரை வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலகச் சந்தையில் அதற்குப் பெயரே திருநெல்வேலி சென்னா. நீங்கள் தொட மாட்டேன் என்கிற அந்த இங்கிலீஷ் மாத்திரைகளில் பலவற்றின் உள்ளே இருப்பதும் இதே இலையின் சாரம்தான். பொடியாகச் சாப்பிட்டால் இயற்கை, மாத்திரையாகச் சாப்பிட்டால் ரசாயனம் என்று குடலுக்குத் தெரியாது. இரண்டும் பெருங்குடலை உசுப்பிவிட்டு 6 மணியிலிருந்து 12 மணி நேரத்துக்குள் தள்ளும். மாத்திரையில் அளவு தெரியும், பொடியில் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எப்போதாவது ஒருநாள் என்றால் சரி. தினமும் அளவில்லாமல் போட்டால் வயிற்றுக் கடுப்பு, நீராகப் போவது, உடம்பில் பொட்டாசியம் குறைவது எல்லாம் வரும். பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிற வயதானவர்களுக்கு அது நல்லதல்ல. விளக்கெண்ணெய் இன்னும் முரடு. வயிறும் சிறுகுடலும் சேர்ந்து முறுக்கும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கவே கூடாது, வலி கண்டுவிடும். 74 வயதில், முக்கினால் தலைசுற்றுகிறது என்கிற ஆத்தாவுக்குப் பேதி கொடுத்து அவர் இருட்டில் எழுந்து ஓடினால் என்ன ஆகும், யோசியுங்கள்.

பட்டாலை, உங்களிடம் ஒரு கேள்வி. அந்த 'ரத்தம் கம்மி' மாத்திரை எப்போது ஆரம்பித்தது? இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், கெட்டியாக்கும். எலும்பு மாத்திரையிலும் சுண்ணாம்புச்சத்து இருக்கும், அதுவும் கட்டும். அலுமினியம் கலந்த அசிடிட்டி மருந்து, கோடீன் இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை, சில மனஅழுத்த மாத்திரைகள், பிரஷரிலேயே வெராபமில் என்று ஒன்று, எல்லாம் இந்தக் கட்சி. கடைக்கு மலம் இளக இசப்கோல் வாங்க வருகிறவரிடம் 'வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டால் பாதி நேரம் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

#5 நிலாவரை_நேசன் | திங்கள் காலை 9:02

மருந்துக்கடைக்காரர் மருந்துக்கு எதிராப் பேசுறது இதுதான் முதல் தடவை. சரி, நிலாவரை வேண்டாம், கடுக்காயாச்சும் ஒத்துக்குவீங்களா? நம்ம வீட்டுச் சுவர் சாந்துலயே கடுக்காய் அரைச்சு ஊத்தித்தான் நூறு வருஷமா பளபளன்னு நிக்குது.

#6 மருந்துக்கடை | திங்கள் காலை 9:20

சுவருக்கு இறுகுவதற்காகப் போட்டார்கள் ஐயா. இங்கே கேட்பது இளகுவதற்கு. :)

கடுக்காய் ஒத்துக்கொள்கிறேன். நெல்லிக்காய், தான்றிக்காயோடு சேர்ந்தால் திரிபலா. நிலாவரையைவிட மென்மை. கொட்டையை நீக்கித்தான் இடிக்க வேண்டும், கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் இதெல்லாம் இரண்டாவது. முதலில் கட்டியதற்குக் காரணம் என்ன என்று பார்ப்போம்.

#7 செவிலி_புதுவயல் | திங்கள் மதியம் 1:45

ட்யூட்டி இடைவேளையில எழுதுறேன். எல்லாரும் சமையல்லயும் மூலிகையிலயும் இருக்கீங்க. எனக்கு முதல் பதிவுல ரெண்டு வார்த்தை உறுத்துது. "ரெண்டு மாசமா", "ரத்தம் கம்மி".

அண்ணே, வருஷக்கணக்கா இருக்குற சிக்கல் வேற. 70 வயசுக்கு மேல புதுசா வயிறு கட்டுது, கூடவே ரத்தமும் கம்மியாயிருக்குன்னா டாக்டர் வேண்டாம்னு சொல்றதுக்கு இல்லை. ரத்தம் ஏன் குறைஞ்சதுன்னு யாராச்சும் பார்த்தாங்களா? குடல்ல எங்கயாச்சும் கண்ணுக்குத் தெரியாமக் கசியுதான்னு பார்க்கணும். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா ஒண்ணும் இல்லைன்னு பார்த்துத் தெரிஞ்சுக்கணும், நாமளா முடிவு பண்ணக் கூடாது. தைராய்டும் பார்க்கச் சொல்லுங்க, அது மந்தமானாலும் கட்டும்.

மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, மலம் திடீர்னு ஒல்லியாப் போறது, வீட்ல யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது, இதுல எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காத்துகூடப் பிரியலைன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு. ஒரு வாரமாப் போகாத பெரியவுகளுக்குத் திடீர்னு தண்ணியா ஒழுகும். வீட்ல வயித்துப்போக்குன்னு நினைச்சு, கட்டுறதுக்கு மாத்திரை கொடுத்துருவாங்க. உள்ள கல்லு மாதிரி அடைச்சு நிக்கும், அதைச் சுத்தித் தண்ணி மட்டும் கசியும். மாத்திரை அதை இன்னும் இறுக்கும். நான் வருஷத்துக்கு நாலஞ்சு பேரை இப்படிப் பார்க்குறேன்.

#8 கிணத்தடி | திங்கள் இரவு 8:15

நான் கானாடுகாத்தான். தம்பி, சாப்பாடு பத்தி எழுதுனீக, தண்ணி பத்தி எழுதலையே. ஆத்தா ஒரு நாளைக்கு எத்தனை செம்பு குடிக்கிறாக? அப்பறம் ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீக. உங்க வீட்ல கக்கூஸ் எங்கிட்டு இருக்கு? ஆத்தா எங்க படுக்குறாக?

#9 பட்டாலை | திங்கள் இரவு 10:30

ரத்த மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டரை மாசம் ஆகுதாம். இப்பத்தான் கேட்டேன். வயிறு கட்ட ஆரம்பிச்சது அதுக்கப்பறம்தான். மருந்துக்கடை ஐயாவுக்குக் கும்பிடு.

செவிலி தங்கச்சி எழுதினதைப் படிச்சு வயிறு கலக்கிருச்சு. வெள்ளிக்கிழமை காலையில கிளம்பி ஊருக்கு வர்றேன், சனிக்கிழமை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்.

கிணத்தடி ஆச்சி, ஆத்தா படுக்குறது வளவுல, அதான் நடுமுத்தத்தைச் சுத்தின தாழ்வாரத்துல, ரெண்டாவது அறைக்கு முன்னாடி. கக்கூஸ் பின்கட்டுக்கும் பின்னாடி, கொல்லையில. ஏன் கேக்குறீக?

#10 கிணத்தடி | திங்கள் இரவு 10:52

அதுக்குத்தான் கேட்டேன். எங்க மாமியா இதே கதை. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுற வீடு. கல்யாணம்னா ஆயிரம் பேர் சாப்பிடலாம். ராத்திரி ஒண்ணுக்குப் போக முழங்கால் வலியோட அத்தனை வாசப்படியையும் தாண்டணும். நம்ம வாசப்படி உயரம் தெரியும்ல? அவுக என்ன பண்ணாகன்னா சாயங்காலம் 4 மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறது இல்லை. கேட்டா "தாகம் இல்லை"ம்பாக. எனக்கே ஒரு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது.

உடம்புல தண்ணி கம்மியானா பெருங்குடல் மலத்துல இருக்குற ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துக்கும். நம்ம ஊரு வெயில்ல கேக்கவே வேண்டாம். ஊருக்குப் போனா உபதேசம் பண்ணாம ராத்திரி மட்டும் சும்மா கவனிங்க.

#11 ராத்திரி_ஷிப்ட் | செவ்வாய் அதிகாலை 3:20

இழைக்குள்ள நுழையறதுக்கு மன்னிக்கணும். எனக்கு 29 வயசு. காரைக்குடியில வீட்லேர்ந்தே அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்குறேன், ராத்திரி 7லேர்ந்து காலை 4 வரைக்கும். ஒன்றரை வருஷமா இதே பிரச்சினை. தண்ணி குடிக்கிறேன், பழம் சாப்பிடுறேன். கக்கூஸ்ல 40 நிமிஷம் உட்கார்ந்தாலும் திருப்தியாப் போகாது. வயசானவங்க நோய்னு நினைச்சேன்.

#12 மருந்துக்கடை | செவ்வாய் காலை 7:40

40 நிமிடமும் கையில் போன் இருக்குமே தம்பி?

#13 ராத்திரி_ஷிப்ட் | செவ்வாய் மாலை 5:05

...ஆமாங்க.

#14 செவிலி_புதுவயல் | செவ்வாய் இரவு 9:10

தம்பி, 10 நிமிஷத்துக்கு மேல உட்காராதீங்க. வரலைன்னா எழுந்து வந்துருங்க. உட்கார்ந்துகிட்டு முக்கிக்கிட்டே இருந்தா மூலம்தான் மிச்சம்.

பெருங்குடலுக்கும் தூக்கம், முழிப்பு உண்டு. நாம தூங்குறப்ப அது அடங்கிக் கிடக்கும். முழிச்சதும் அசையும், சாப்பாடு வயித்துல இறங்கினதும் இன்னும் பலமா அசையும். அதனாலதான் காலைப் பலகாரம் முடிஞ்ச 20, 30 நிமிஷத்துல நிறையப் பேருக்கு வருது. சூடாக் காபி குடிச்சா அதுவும் தள்ளும். நீங்க தூங்கி எழுந்திருக்குறது மதியம் 12 மணின்னா உங்க விடியக்காலை அதுதான். எழுந்ததும் ஒழுங்கா ஒரு சாப்பாடு, அப்பறம் போன் இல்லாம ஒரு 10 நிமிஷம், தினமும் ஒரே நேரம். ரெண்டு மூணு வாரம் விடாமச் செய்யுங்க. மீட்டிங்ல இருக்கேன்னு வர்றதை அடக்காதீங்க. அடக்க அடக்க அந்த உணர்ச்சியே மழுங்கிடும்.

உங்க வீட்ல வெஸ்டர்ன் கழிப்பறையா? அப்ப காலுக்கு அடியில 6லேர்ந்து 9 அங்குல உயரத்துல ஏதாவது பலகை போடுங்க. முட்டி இடுப்பைவிட மேல வரணும், லேசா முன்னால குனியணும். ஆசனவாய்க்கு மேல ஒரு தசை தொட்டில் கயிறு மாதிரிக் குடலை முன்பக்கம் இழுத்து வளைச்சுப் பிடிச்சிருக்கு. குந்துனா அது தளர்ந்து வழி நேராகும். நாற்காலி மாதிரி உட்கார்ந்தா வளைவு அப்படியே நிக்கும், முக்கணும்.

#15 பல்லாங்குழி | புதன் காலை 11:00

இழையில எல்லாரும் நார் நார்னு சொல்றீங்களேன்னு நான் ஒரே நாள்ல ஞானோதயம் வந்து காலையில கேப்பைக் களி, மத்தியானம் வாழைத்தண்டுப் பொரியல், சாயங்காலம் ஒரு பெரிய கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ராத்திரி இசப்கோல் 3 ஸ்பூன்னு இறங்கிட்டேன். வயிறு மத்தளம் மாதிரி ஆகி ராத்திரி பூரா திண்ணையில நடந்தேன். இசப்கோலை அரை டம்ளர் தண்ணியில போட்டு மெதுவா ரசிச்சுக் குடிச்சேன், பாதியில அது கூழாகித் தொண்டையில நின்னுக்கிச்சு. யாரும் எச்சரிக்கவே இல்லையே!

#16 மருந்துக்கடை | புதன் காலை 11:35

எச்சரிக்கைக்கு முன்பே களத்தில் குதித்துவிட்டீர்கள்.

வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் நார் 7 கிராமுக்கு மேல் இருக்கிறது. பழக்கமில்லாத குடலில் அது மொத்தமாகப் போய் இறங்கினால் அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்துக் காற்றை ஊதும். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பழகிவிடும்.

இசப்கோல் என்பது ஒரு விதையின் உமி, குஜராத், ராஜஸ்தான் பக்கம் அதிகம் விளைகிறது. தண்ணீரைப் பிடித்துப் பல மடங்கு ஊதும், அதுதான் அதன் வேலை. ஒரு ஸ்பூனில் ஆரம்பியுங்கள். முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி, கூழாவதற்குள் மடமடவென்று குடித்து, மேலே இன்னொரு டம்ளர். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் 2 மணி நேரம் இடைவெளி விட்டால் நல்லது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும், படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கும், தண்ணீரே குடிக்காதவர்களுக்கும் கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாத இசப்கோல் குடலுக்குள் அடைப்பான் மாதிரி.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த இழையைப் பார்த்து இளநீர், வாழைப்பழம், கீரை என்று அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. மக்னீசியம் கலந்த பேதி மருந்தும் அவர்களுக்கு ஆகாது.

#17 ரெட்டைஜடை | புதன் இரவு 9:50

என் மகளுக்கு 5 வயசு. யூகேஜி சேர்த்ததுலேர்ந்து பள்ளிக்கூடத்துல கக்கூஸ் போகமாட்டேங்குறா, நாத்தம்ங்குறா. வீட்டுக்கு வந்தும் காலைக் குறுக்கிக்கிட்டு ஓரமா நிக்கிறா, வலிக்குமாம். நேத்து லேசா ரத்தம் பார்த்தேன். பயமா இருக்கு.

#18 செவிலி_புதுவயல் | புதன் இரவு 10:25

அப்படிக் காலைக் குறுக்கி நிக்கிறது முக்குறதுக்கு இல்லை, அடக்குறதுக்கு. ஒரு தடவை வலிச்சிருச்சு, அதுக்குப் பயந்து அடக்குது. அடக்குனா இன்னும் கெட்டியாகுது, அடுத்த தடவை இன்னும் வலிக்குது. ரத்தம் பெரும்பாலும் கெட்டி மலம் கிழிச்ச சின்ன வெடிப்பா இருக்கும், ஆனா டாக்டர்கிட்டக் காட்டிருங்க. இளக்குற மருந்து கொடுத்தாங்கன்னா பயப்படாமச் சொன்ன காலம் முழுக்கக் கொடுங்க. ரெண்டு நாள் நல்லாப் போச்சுன்னு நிறுத்துறதுதான் எல்லாரும் பண்ற தப்பு.

பால் எவ்வளவு குடிக்குது? அரை லிட்டருக்கு மேலன்னா குறைங்க. வயிறு பாலால நிறைஞ்சா சோத்துக்கும் காய்க்கும் இடம் இருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஊறவச்ச உலர்திராட்சை ஒரு கைப்பிடி, ஒரு பழம். பலகாரம் சாப்பிட்டதும் 5 நிமிஷம், காலுக்குக் கீழ பலகை வச்சு, கதை சொல்லிக்கிட்டு உட்கார வைங்க. போகலைன்னாலும் "சமத்து"ன்னு சொல்லுங்க, திட்டிராதீங்க. பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்டப் பேசுங்க. புள்ளை சொல்றது பொய்யா இருக்காது.

#19 ரெட்டைஜடை | புதன் இரவு 10:40

காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு முக்கால் லிட்டர் குடிக்கிறாக்கா. நான் சத்துன்னு நினைச்சுக் கொடுத்தேன். நாளைக்கே டாக்டரைப் பார்க்குறேன்.

#20 பர்மாப்பெட்டி | வியாழன் காலை 10:15

கவுனி அரிசி சாப்பிட்டாச் சரியாயிரும்னு ஒரு வீடியோ பார்த்தேன். நம்ம ஊர்ச் சொத்து, யாரும் பேசலையே?

#21 சந்தைக்கூடை | வியாழன் காலை 11:30

தவிடு போகாத அரிசி, அதனால வெள்ளை அரிசியைவிட நல்லதுதான். ஆனா நாம அதை எப்படிச் சாப்பிடுறோம்? ராத்திரி பூரா ஊறவச்சு வேகவச்சு, அதுக்கு மேல சீனி, தேங்காய்ப்பூ, நெய். கல்யாணத்துல ரெண்டு கரண்டி. அது மருந்து இல்லீங்க, இனிப்பு. விலையும் சும்மா இல்லை. வேணும்னா உடைச்சு, உப்புப் போட்டுக் கஞ்சியா வைங்க, மோர் விட்டுக் குடிக்கலாம். ஆத்தாவுக்கு ராத்திரி ரஸ்க்குக்குப் பதிலா இது நல்ல யோசனை, இப்பத்தான் தோணுது.

பழைய சோத்தையும் விட்டுராதீங்க. ஆறின சோத்துல மாவுச்சத்தில ஒரு பங்கு சீரணிக்காத மாதிரி மாறிக் குடலுக்குள்ள நார் மாதிரியே வேலை செய்யும். மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்தா தண்ணியும் உள்ள போகுது, நாரும் போகுது. சித்திரை வெயிலுக்கு இதைவிட என்ன வேணும்.

#22 மட்டுறுத்துநர் | வியாழன் மாலை 4:00

'7 நாளில் குடல் சுத்தம்' பொடி விற்க வந்த 2 பதிவுகள் நீக்கப்பட்டன. பேச்சு தொடரட்டும்.

#23 பட்டாலை | ஞாயிறு இரவு 11:15

ஊர்ல இருந்து எழுதுறேன்.

கிணத்தடி ஆச்சி, நீங்க சொன்னபடி எதுவும் கேக்காம வெள்ளி, சனி ரெண்டு ராத்திரியும் கவனிச்சேன். ஆத்தா தலைமாட்டுல வெள்ளிச் செம்பு நிறையத் தண்ணி இருந்துச்சு. விடிஞ்சு பார்த்தா அப்படியே இருக்கு. படுக்கையிலேர்ந்து கொல்லைக் கக்கூசுக்கு நடந்து பார்த்தேன். 64 எட்டு, 5 வாசப்படி, நடுவுல ஒரு லைட் எரியலை. ஆத்தா அதை என்கிட்டச் சொன்னதே இல்லை.

முழங்கால் வலின்னு 6 மாசம் முன்னாடி நான்தான் வெஸ்டர்ன் வச்சுக் கொடுத்தேன். பெருமையா வேற இருந்துச்சு. ஆத்தா நாலே முக்கால் அடி. உட்கார்ந்தா கால் தரையில படலை, புள்ளை மாதிரித் தொங்குது. அதைப் பார்த்துட்டு எனக்கு ரொம்ப நேரம் பேச்சு வரலை.

டாக்டர் கையால சோதிச்சுப் பார்த்தாரு. அடைப்பு இல்லை, கெட்டிதான். தைராய்டுக்கும் மலத்துல ரத்தம் இருக்கான்னும் பார்க்கக் கொடுத்திருக்கோம். ரத்தம் குறைஞ்சிருக்கறதால மதுரையில கொலனோஸ்கோபியும் (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்குறது) பண்ணிருவோம்னாரு. இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்லியிருக்காரு. இப்போதைக்கு இளக்குறதுக்கு ஒரு டானிக்.

#24 கிணத்தடி | திங்கள் காலை 6:30

மனசை விட்டுராதீக தம்பி. நம்ம வீட்ல பொம்பளைக இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டாக. எங்க மாமியாளுக்கு வளவுலயே ஒரு மூலையில தடுப்புக் கட்டி, ராத்திரிக்கு மட்டும் கமோடு நாற்காலி ஒண்ணு வச்சோம். முதல்ல "சாமி அறைக்கு எதுத்தாப்புலயா"ன்னு ஒரு வாரம் சண்டை. இடத்தை மாத்தி ரெண்டாங்கட்டு நடையில வச்சதும் ஒத்துக்கிட்டாக. அன்னைலேர்ந்து சாயங்காலம் தண்ணி குடிச்சாக.

தண்ணியைப் "குடிங்க குடிங்க"ன்னு சொல்லாதீக, எரிச்சல்தான் வரும். மோர், ரசம், கஞ்சின்னு உள்ள தள்ளுங்க. ஒண்ணுக்கு வெளிர் மஞ்சளாப் போனா தண்ணி போதும்னு அர்த்தம். அதுக்கு மேல குடம் குடமாக் குடிச்சா மலம் இளகாது, ராத்திரி நடைதான் கூடும்.

#25 நிலாவரை_நேசன் | திங்கள் காலை 7:10

கொல்லையில லைட்டை முதல்ல மாத்துங்க தம்பி. எங்க ஐயா விழுந்ததும் அப்படித்தான். பேதிக்குக் குடிச்ச ராத்திரி. அன்னைக்கு இதை எழுத மனசு வரலை.

#26 ராத்திரி_ஷிப்ட் | 3 வாரம் கழித்து, மாலை 6:20

செவிலி அக்காவுக்கு. போனை வெளிய வச்சுட்டுப் போக ஆரம்பிச்சேன். முதல் வாரம் ஒண்ணும் மாறலை, போரடிச்சது. ரெண்டாவது வாரம் மதியம் சாப்பாட்டுக்கப்பறம் தானா வர ஆரம்பிச்சது. இப்ப வாரத்துல 5 நாள் சரியா இருக்கு. காலுக்கு அடியில பழைய கீபோர்டு பெட்டி ரெண்டை அடுக்கி வச்சிருக்கேன், அம்மா பார்த்துட்டுச் சிரிக்குறாங்க.

#27 பட்டாலை | 5 வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9:05

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். கொலனோஸ்கோபி முடிஞ்சது. புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. தைராய்டும் சரி. அதுக்கு முன்னாடி குடல் சுத்தமாகக் கொடுத்த மருந்துத் தண்ணியைக் குடிச்சுட்டு ஆத்தா அடிச்ச கமெண்டை இங்க எழுத முடியாது.

ரத்தம் குறைஞ்சதுக்கு டாக்டர் சொல்றது சாப்பாட்டுல சத்தே இல்லைங்குறதுதான். பல்லு கட்டக் கொடுத்திருக்கோம். வேலைக்கு வர்ற அம்மா இப்ப கீரை மசியலோ கூட்டோ ஒண்ணு பண்ணி வச்சுட்டுப் போறாங்க. ராத்திரி கவுனிக் கஞ்சி, மோர் விட்டு. ரெண்டாங்கட்டுல கமோடு நாற்காலி, வழி பூரா லைட்டு. இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் வெளிக்குப் போறாக. டாக்டர் அதுவே போதும், தினமும் போகணும்னு சட்டம் இல்லை, வாரத்துக்கு 3 தடவை சிரமமில்லாமப் போனாலே சரிங்குறாரு. டானிக் வாரத்துக்கு ஒருதடவைதான்.

கால் பலகைக்கு ஆசாரியைக் கூப்பிட்டேன். மேல்மாடியில கிடந்த பழைய பலகையை இழைச்சு, 8 அங்குல உயரத்துல, வழுக்காம அடியில ரப்பர் ஒட்டிச் செஞ்சு கொடுத்தாரு. ஆத்தா அதைத் தடவிப் பார்த்துட்டு என்னைப் பார்த்தாக. "இது அப்பத்தா கல்யாணத்துக்கு மணை செஞ்சதுல மிச்சம்டா. பர்மாத் தேக்கைக் கொண்டுபோயி கக்கூசுல போட்டிருக்கியே."

ஆனா தினமும் துடைச்சு வைக்கிறாகளாம்.

#28 பல்லாங்குழி | ஞாயிறு இரவு 9:30

ஆசாரி போன் நம்பர் தனிமடல்ல அனுப்புங்க அண்ணே. எங்க வீட்டுக்கு ரெண்டு வேணும்.